வலை இழுக்கும்போது மட்டும் சூடேறும் படகு இன்ஜின்: ஹெட்டை இறக்கலாமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். அப்பாவின் விசைப்படகு, ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின், இன்ஜினுக்குள் நன்னீர் சுற்றுகிறது, அதைக் கடல்நீர் குளிர்விக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போனதிலிருந்துதான் தொல்லை. துறைமுகத்தில் ஐடிலில் (கியர் போடாமல், மிகக் குறைந்த வேகத்தில்) ஓடினால் சூடு காட்டும் மீட்டரின் முள் 80 டிகிரியில் நிற்கிறது. வலை போடாமல் ஓடினால் 85. மடி வலையை இறக்கி இழுக்க ஆரம்பித்து கால் மணி நேரத்தில் 100ஐத் தொடுகிறது. மெக்கானிக் முதலில் தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வு) கழற்றிப் போட்டார், சூடு குறையவில்லை. இப்போது ‘ஹெட் கேஸ்கட் போயிருக்கும், ஹெட்டை இறக்கணும்’ என்கிறார். (ஹெட் என்பது சிலிண்டர்களின் மேல்மூடி, கேஸ்கட் அதற்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு.) இறக்கலாமா என்று கேட்கிறீர்கள். கோளாறு எங்கே என்று தெரியாமலே பெரிய செலவில் இறங்கப் போகிறோமோ என்ற பயம்தான் அந்தக் கேள்விக்கு அடியில் இருக்கிறது. நியாயமான பயம்.

என் பதில்: இப்போதைக்கு இறக்காதீர்கள். படகு டீசல் இன்ஜின்களோடு பல வருடம் கிடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் சொல்லும் அறிகுறிகள் முதலில் கடல்நீர்ப் பக்கத்தைத்தான் காட்டுகின்றன. ஹெட் கேஸ்கட்டாக இருக்கவே முடியாது என்று சொல்லவில்லை. அதைப் பிரிக்காமலே சோதிக்க வழி இருக்கிறது, அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை ஸ்பேனரும் அரை நாளும் இருந்தால் முடிகிற வேலைகள். இன்ஜின் மாடலையும், கடல்நீர் பம்ப் எந்த வகை என்பதையும் நீங்கள் சொல்லவில்லை. அதனால் நான் கொடுக்கும் டிகிரி கணக்குகளைப் பொதுவானவையாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இன்ஜினின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி.

ஐடிலில் நன்றாக இருக்கிறது, இழுக்கும்போது மட்டும் சூடேறுகிறது என்பது ஏன் முக்கியம் என்று பார்ப்போம். டீசலை எரித்துக் கிடைக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு, நல்ல இன்ஜினில் கொஞ்சம் கூடுதலாக, புரொப்பல்லரைச் சுற்றும் ஷாஃப்டுக்குப் போகிறது. மீதியில் பெரும்பகுதி புகையோடு வெளியேறுகிறது, இன்னொரு பெரும்பகுதி குளிர்விக்கும் தண்ணீரில் இறங்குகிறது. ஷாஃப்டில் 100 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 134 குதிரைத்திறன் கொடுக்கும் இன்ஜின் என்றால், தண்ணீர் சுமக்க வேண்டிய சூடு தோராயமாக 60, 70 கிலோவாட் வரும். ஐடிலில் இதில் ஒரு சிறு துண்டுதான். ஆக, குளிர்விக்கும் அமைப்பு பாதி அடைத்துக்கிடந்தாலும் ஐடிலில் முள் அசையாது. வலை இழுப்பதுதான் அமைப்புக்கு உண்மையான பரீட்சை. படகு மெதுவாகப் போகும், இன்ஜினோ முழு பாரத்தில் இருக்கும். பாக் நீரிணை மாதிரி ஆழம் குறைந்த இடமாக இருந்தால் புரொப்பல்லர் கிளப்பும் சேறும் சேர்ந்துகொள்ளும். அதனால் ‘ஐடிலில் நன்றாக இருக்கிறதே’ என்பதை வைத்துக் கூலரும் (கடல்நீர் நன்னீரைக் குளிர்விக்கும் பெட்டி) பம்பும் நல்லவை என்று சான்றிதழ் கொடுத்துவிடக் கூடாது.

ஒரு வேலையைக் கூலருக்கும் முன்னால் செய்துவிடுங்கள். முள் சொல்வது உண்மைதானா என்று பாருங்கள். சென்சாரின் வயர் உரசினாலோ எர்த் சரியில்லாமல் போனாலோ மீட்டர் கண்டபடி காட்டும். அதேபோல, தண்ணீர் குறைந்து சென்சார் காற்றில் நின்றால் சூட்டைக் குறைத்துக் காட்டும், இது ரொம்ப ஆபத்து. தொடாமல் சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி இப்போது ஆயிரம் ரூபாய் சுற்றுவட்டத்தில் கிடைக்கிறது. தெர்மோஸ்டாட் வீட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்து மீட்டரோடு ஒப்பிடுங்கள். பளபளக்கும் உலோகத்தில் அந்தத் துப்பாக்கி குறைத்துக் காட்டும். பார்க்கப்போகும் இடங்களில் எல்லாம் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிவிட்டு, டேப்பின் மேல் பாருங்கள். பிறகும் இது தேவைப்படும்.

இனி தண்ணீர் வரும் வழியிலேயே போவோம். படகின் அடியில் கடல்நீர் உள்ளே வரும் துளை, அதன் மேல் சல்லடை. அடுத்து வால்வு, ஸ்ட்ரெயினர் (குப்பை வடிகட்டி), உறிஞ்சும் ஹோஸ், கடல்நீர் பம்ப். பம்பிலிருந்து ஆயில் கூலர், அதன்பின் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (சுருக்கமாகக் கூலர்), கடைசியில் வெளியே. சில இன்ஜின்களில் வரிசை கொஞ்சம் மாறும். இது ஒரு சுற்று. இன்ஜினுக்குள் ஓடும் நன்னீர் வேறு சுற்று. கூலருக்குள் இரண்டும் குழாய்ச் சுவரின் இரு பக்கமும் ஓடி, கலக்காமலே சூட்டை மாற்றிக்கொள்கின்றன.

உங்கள் கதையில் என் காதில் விழுந்த முதல் வார்த்தை தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு ஓடவில்லை. தண்ணீரிலேயே கிடந்திருந்தால், ஓடாத படகின் அடியில், குறிப்பாக வெயில் படாத அந்தச் சல்லடைத் துளைகளுக்குள், பாசியும் சிப்பியும் ஒட்டி வளர இரண்டு மாதம் தாராளம். கரையேற்றி வேலை பார்த்திருந்தால் வேறு மாதிரி தொல்லை: அடிப்பாகத்துக்குப் பெயின்ட் அடிப்பவர் சல்லடையின் மேலும் சேர்த்து இரண்டு கோட்டு இழுத்துவிட்டுப் போயிருப்பார். துளைகள் சுருங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் அழகாகப் பெயின்ட் அடித்த படகு. கரையில் இருந்த காலத்தில் பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் காய்ந்து, மடங்கிய இறக்கைகள் மடங்கினபடியே இறுகியும் போயிருக்கும். தடைக்காலம் முடிந்து முதல் வாரத்தில் சூடேறும் படகுகளில் இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் இருப்பது அபூர்வம் என்பது என் அனுபவம். உங்கள் படகில் எது என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது.

சோதனையை வெளியே விழும் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். ஐடிலில் ஒரு வாளியைப் பிடித்து எத்தனை நொடியில் நிறைகிறது என்று பாருங்கள். அப்புறம் வேகத்தை ஏற்றி, நடு ஆர்.பி.எம்.மில் மறுபடி பாருங்கள். ரப்பர் இம்பெல்லர் உள்ள பம்ப் இன்ஜின் வேகத்துக்கு ஏற்பத் தண்ணீர் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரும் ஏறக்குறைய இரண்டு மடங்காக வர வேண்டும். வேகம் ஏறியும் தண்ணீர் ஏறவில்லை என்றால் உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ கழுத்து நெரிகிறது, அல்லது இம்பெல்லர் தேய்ந்து நழுவுகிறது. தண்ணீர் விட்டு விட்டுத் துப்பிக்கொண்டு வந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. ஸ்ட்ரெயினர் மூடியின் ரப்பர் வளையத்தையும் கிளாம்புகளையும் பாருங்கள். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் தண்ணீர் ஒழுகிக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஓடும்போது அது காற்றை உள்ளே இழுக்கும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது.

அடுத்து வால்வை மூடி ஸ்ட்ரெயினரைத் திறங்கள். பிளாஸ்டிக் பை, சொறிமீன் (ஜெல்லி மீன்) துண்டு, வலை நூல், என்ன இருந்தாலும் எடுங்கள். ஸ்ட்ரெயினர் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் அமைப்பானால், திறந்த நிலையிலேயே வால்வை ஒரு கணம் திறந்து பாருங்கள். தண்ணீர் குபுகுபுவென்று ஏற வேண்டும். சோம்பலாக ஏறினால் அடிச் சல்லடையோ வால்வோ அடைத்திருக்கிறது. ஒருவர் முங்கிப் பார்த்துச் சுரண்டிவிட்டால் போதும். இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆளை இறக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உறிஞ்சும் ஹோஸையும் விடாதீர்கள். உள்ளே கம்பிச் சுருள் இல்லாத சாதாரண ஹோஸைப் போட்டிருந்தால், வேகம் ஏறும்போது அது உள்வாங்கித் தட்டையாகிவிடும். நிறுத்தினால் பழையபடி உருண்டையாக நிற்கும், சந்தேகமே வராது. பழைய ஹோஸில் உள் ரப்பர் தோல் உரிந்து நாக்கு மாதிரி தொங்கி வழியை மறிப்பதும் உண்டு. வெளியே தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கழற்றி டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும்.

பம்பின் மூடியில் இருக்கும் சின்ன ஸ்க்ரூக்களைக் கழற்றி இம்பெல்லரைப் பாருங்கள். (உங்கள் இன்ஜினில் உலோக இம்பெல்லர் உள்ள சென்ட்ரிஃப்யூகல் பம்ப் இருந்தால் இந்தப் பத்தி பொருந்தாது.) நல்ல இம்பெல்லரின் இறக்கையை விரலால் மடக்கி விட்டால் சட்டென்று நிமிரும், அடியில் வெடிப்பு இருக்காது. தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம் சுற்றினாலே ரப்பர் கருகி முனை மழுங்கிவிடும். ஒரு இறக்கை முறிந்திருந்தால் புதிய இம்பெல்லரைப் போட்டு மூடிவிட்டு வராதீர்கள். முறிந்த துண்டு எங்கே என்பதுதான் அப்போது கேள்வி. அது தண்ணீரோடு போய் ஆயில் கூலரின் வாயிலோ பெரிய கூலரின் வாயிலோ ஒட்டிக்கொண்டிருக்கும். கூலரின் மூடியைக் கழற்றினால், வரிசை வரிசையாக இருக்கும் சிறு குழாய்களின் வாய்க்கு மேல் கறுப்பு ரப்பர் துண்டு படிந்து கிடப்பதைப் பார்க்கலாம். போன வருடத்து இம்பெல்லரின் துண்டும் அதற்கு அடியில் இருக்கக் கூடும். எல்லாத் துண்டையும் வெளியே அடுக்கி, ஒரு இறக்கைக்கு உரியது முழுதாகச் சேர்கிறதா என்று பொருத்திப் பாருங்கள். பம்பின் மூடித் தகட்டில் இம்பெல்லர் உராய்ந்து வட்டமாகக் குழி விழுந்திருந்தால் புதிய இம்பெல்லரும் முழு அளவு தள்ளாது. மறுபக்கம் சமமாக இருந்தால் தகட்டைத் திருப்பிப் போட்டுச் சமாளிக்கலாம். புதியதை மாட்டும்போது பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைசல் அல்லது கிளிசரின் தடவுங்கள், சாதாரண கிரீஸ் சில வகை ரப்பரை ஊதவைத்துவிடும். இறக்கைகள் சுழலும் திசைக்குப் பின்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும்.

இதுவரை எல்லாம் சரி என்றால் கூலர். இரண்டு முனை மூடிகளையும் கழற்றி ஒரு பக்கம் டார்ச் வைத்து மறுபக்கம் கண்ணை வைத்துப் பாருங்கள். எத்தனை குழாயில் வெளிச்சம் தெரிகிறது, எத்தனை இருட்டாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். வட்டமாகத் தெரிய வேண்டிய துளை, உள்ளே வெள்ளையாகப் படிந்து ஊசித் துளையாகத் தெரிந்தால் அது சுண்ணாம்புப் படிவு. கடல்நீர் அதிகமாகச் சூடாகும் இடத்தில் இந்தப் படிவு வேகமாக வளரும். ஒரு தடவை தண்ணீர் குறைந்து சூடேறினால் படிவு வரும், படிவால் மறுபடி சூடேறும், அப்படியே சுற்றிக்கொண்டு போகும். மரக் குச்சி அல்லது நைலான் பிரஷ் கொண்டு மெதுவாகத் தள்ளுங்கள். இரும்புக் கம்பியை உள்ளே விட்டுக் குத்தினால் மெல்லிய செப்பு-நிக்கல் குழாயில் ஓட்டை விழும். குச்சிக்கு மசியாத படிவை அமிலம்தான் கரைக்கும். சிட்ரிக் அமிலக் கரைசல் மெதுவாக வேலை செய்யும், ஆனால் பாதுகாப்பானது. கழிப்பறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அப்படியே ஊற்றும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. படிவோடு சேர்ந்து சால்டர் இணைப்பையும் அலுமினிய மூடியையும் அது தின்னும். எந்த அமிலமானாலும் காற்றோட்டமான இடம், கையுறை, கண்ணாடி. தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். முடிந்ததும் நன்னீரால் பலமுறை அலசுங்கள்.

கூலரின் முனையில் பென்சில் மாதிரி ஒரு துத்தநாகக் கட்டி திருகியிருக்கும். தான் கரைந்து கூலரைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கரைந்து உதிர்ந்த துண்டுகளும் குழாய் வாயை அடைக்கும், அவற்றையும் பொறுக்கி எடுங்கள். சில படகுகளில் அந்தத் துளையில் ஒரு சாதாரண போல்ட்டைத் திருகி வைத்திருப்பதைப் பார்க்கிறேன். அடுத்த வருடம் கூலரே மாற்ற வேண்டி வரும்.

கூலரைப் பிரிப்பதற்கு முன்பே அது குற்றவாளியா என்று அந்தச் சூட்டுத் துப்பாக்கியால் ஓரளவு சொல்லலாம். பாரத்தில் ஓடும்போது நான்கு இடம் பாருங்கள்: கடல்நீர் கூலருக்குள் நுழையும் இடம், வெளியேறும் இடம், நன்னீர் நுழையும் இடம், வெளியேறும் இடம். கடல்நீர் 30 டிகிரியில் போய் 55, 60 என்று கொதிப்பாக வெளியே வந்தால், சூட்டைக் கூலர் கொடுக்கிறது, வாங்கிக்கொள்ளக் கடல்நீர் போதவில்லை. பம்ப் பக்கம் போங்கள். கடல்நீர் கொஞ்சம்தான் சூடாகி வருகிறது, நன்னீரோ 95இல் போய் 92இல் திரும்புகிறது என்றால் குழாய்ச் சுவரைத் தாண்டிச் சூடு போகவில்லை, அதாவது படிவு. நன்னீர் 95இல் போய் 70இல் திரும்பியும் இன்ஜின் சூடாகவே இருக்கிறது என்றால் நன்னீர் மெதுவாகச் சுற்றுகிறது. நன்னீர் பம்ப், அதன் பெல்ட், தெர்மோஸ்டாட் ஆகியவற்றின் மேல் சந்தேகம். இந்த எண்களை அளவுகோலாக எடுக்காதீர்கள், எந்த வித்தியாசம் பெரிது எது சிறிது என்பதைப் பாருங்கள்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைக் கழற்றினால் தடை நீங்கித் தண்ணீர் தாராளமாக ஓடும் என்று நினைக்கிறார்கள். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு கூலர் பக்கமே போகாமல் மறுபடி இன்ஜினுக்குள் ஓடும். பாரத்தில் சூடு கூடும், ஐடிலில் இன்ஜின் சூடேறாமல் ஆயிலில் கசடு சேரும். பழையது நல்லதா என்று பார்க்க, ஒரு பாத்திரத் தண்ணீரில் அடியைத் தொடாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு காய்ச்சுங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் டிகிரியில் திறக்க ஆரம்பித்து, அதற்கு மேல் பத்து டிகிரி சுமாருக்குள் முழுதாகத் திறக்க வேண்டும்.

நன்னீர்ப் பக்கத்தில் இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, நன்னீர் ஊற்றும் டேங்கின் மூடி. அதன் ஸ்பிரிங்கும் ரப்பரும் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் இருக்கிறது. ஒரு பார் அழுத்தம் பிடிக்கும் மூடியில் வெறும் தண்ணீரின் கொதிநிலை 120 டிகிரிக்குப் போகும். ரப்பர் கிழிந்த மூடியோடு ஓட்டினால் 100இலேயே கொதித்து வெளியே தள்ளிவிடும், தண்ணீர் குறையும், ஹெட் கேஸ்கட் மேல் பழி விழும். மலிவான பொருள், முதலிலேயே மாற்றிவிடலாம். இரண்டு, உள்ளே ஊற்றும் தண்ணீர். கடற்கரை ஊர்களின் போர்வெல் தண்ணீரை ஊற்றினால் அதன் உப்பும் சுண்ணாம்பும் சிலிண்டர் சுவரைச் சுற்றிப் படிந்துவிடும், அங்கே குச்சி விட்டுக் குத்த முடியாது. நம் ஊரில் தண்ணீர் உறையாது, கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். துருவைத் தடுக்கவும், லைனரில் (சிலிண்டரின் உள்ளுறை) ஊசித் துளை விழாமல் காக்கவும்தான். கலந்தே விற்பதை வாங்குங்கள், அல்லது கெட்டியானதை வாங்கி டிமினரலைஸ்டு வாட்டரில் கலந்துகொள்ளுங்கள்.

குளிர்விக்கும் அமைப்பு எல்லாம் சரியாக இருந்தும் சூடேறினால், இன்ஜின் தன் சக்திக்கு மேல் உழைக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதில் நீங்கள் சொல்லாத சில விவரங்கள் வேண்டும். தடைக்காலத்தில் புரொப்பல்லர் மாற்றினீர்களா? வலை பெரிதாக்கினீர்களா? டீசல் பம்பைக் கழற்றி வேலை பார்த்தார்களா? பழைய வேகம் வரவில்லையே என்று யாராவது பம்பில் டீசலை ஏற்றிவிட்டார்களா? முழு ஆக்சிலரேட்டரில் முன்பு தொட்ட ஆர்.பி.எம்.ஐ இப்போது தொடவில்லை, கறுப்புப் புகை வேறு என்றால் சூட்டுக்குக் காரணம் பாரம். புரொப்பல்லரில் சுற்றிக்கொண்ட அறுந்த வலைத் துண்டும் இதே அறிகுறியைக் காட்டும். அடியில் பாசி பிடித்த படகும் அப்படியே. இதற்குக் கூலரை எத்தனை தடவை கழுவினாலும் பலன் இல்லை.

இனி உங்கள் மெக்கானிக் பக்கத்து நியாயம். ஹெட் கேஸ்கட் போனால் எரியறையின் வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகும். குளிர்ந்த இன்ஜினில், மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்த உடனே டேங்கில் தொடர்ந்து குமிழி வந்தால் அது வலுவான அடையாளம். இன்ஜின் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் கல் மாதிரி விறைப்பதும் அப்படித்தான். ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த நிறம், காரணமே தெரியாமல் நன்னீர் குறைவது, இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை, இவையும் சேரும். ஆனால் ஆயிலில் தண்ணீர் இருந்தாலே ஹெட் என்று முடிவுகட்டக் கூடாது, ஆயில் கூலர் ஓட்டையாக இருந்தாலும் இப்படி ஆகும். நாக்கில் வைத்துப் பார்க்காமல், ஆயிலைப் பரிசோதனைக்குக் கொடுத்து உப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். உப்பு இருந்தால் கடல்நீர் கலந்திருக்கிறது. கஷ்டமான விஷயம் என்னவென்றால், சிறிய கேஸ்கட் கசிவு பாரத்தில் மட்டும் வெளிப்படும், ஐடிலில் ஒன்றும் தெரியாது. அதனால் குமிழி வரவில்லை என்பதை வைத்து மட்டும் கேஸ்கட் நல்லது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. டேங்கில் வரும் ஆவியை நீல நிறத் திரவத்தின் வழியாக இழுத்துப் பார்க்கும் சோதனைக் கருவி இருக்கிறது. அதில் எரியறையின் வாயு கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும். கார் ஒர்க்‌ஷாப்புகளில் கேட்டால் கிடைக்கலாம். பாரத்தில் ஓட்டிவிட்டு வந்த உடன், மூடியைத் திறக்கும் அளவுக்குச் சூடு தணிந்த பிறகு, அதைச் செய்யச் சொல்லுங்கள்.

இதெல்லாம் முடியும்வரை கடலுக்குப் போகாமல் இருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே கடலில் முள் ஏறினால்: முதலில் வேகத்தைக் குறையுங்கள், பாரத்தை எடுங்கள். உடனே வெளியே விழும் தண்ணீரைப் பாருங்கள். தண்ணீர் வந்துகொண்டிருந்தால் இன்ஜினை நியூட்ரலில் ஐடிலில் விடுங்கள். தண்ணீர் சுற்றிச் சூட்டை இறக்கும், சட்டென்று நிறுத்தினால் உள்ளே தேங்கிய சூடு ஒரு தடவை மேலே ஏறும். தண்ணீர் வரவில்லை என்றாலும், ஐடிலுக்கு வந்தும் முள் ஏறிக்கொண்டே போனாலும் நிறுத்திவிடுங்கள். நிறுத்துவதற்கு முன் படகு எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று பாருங்கள்; பாறையோ மற்றப் படகின் வலையோ இருந்தால் நங்கூரம் தயாராக இருக்கட்டும். சூடாக இருக்கும்போது டேங்க் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விட்டதும் உள்ளிருக்கும் தண்ணீர் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் கூடாது, ஹெட்டில் வெடிப்பு விழுந்துவிடும். அப்புறம் மெக்கானிக் சொன்னது உண்மையாகிவிடும். டேங்கில் வெறும் கையை வைத்துப் பிடித்திருக்க முடிகிற அளவு ஆறட்டும், துணியைப் போட்டு மூடியை முதல் படி மட்டும் திருப்பி ஆவியை விடுங்கள். தண்ணீர் குறைந்திருந்தால் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். நன்னீரே இல்லாமல் கரை சேர வேண்டிய நிலைமை என்றால் கடல்நீரை ஊற்றிக்கூட வரலாம், கரைக்கு வந்த அன்றே முழுதாக வடித்து அலசிவிட வேண்டும். இன்ஜின் கிளம்பவே இல்லை, படகு ஒதுங்குகிறது என்றால் காத்திருக்காதீர்கள்: வி.எச்.எஃப். ரேடியோவில் 16ஆம் சேனல், கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.

கரையில் செய்ய வேண்டிய வரிசை என்று கேட்டால், இன்று மாலையே மூடியை மாற்றுங்கள், தெர்மோஸ்டாட்டைப் போடுங்கள், வாளிக் கணக்கைப் பாருங்கள். நாளைக் காலை ஸ்ட்ரெயினர், ஹோஸ், இம்பெல்லர், அடிச் சல்லடை. அப்புறம் ஒரு முறை வலை இழுத்து நான்கு இடத்துச் சூட்டைக் குறித்துக்கொண்டு, அதைப் பார்த்துக் கூலரைப் பிரிப்பதா என்று முடிவு செய்யுங்கள். ஒரு இம்பெல்லர், ஒரு பெல்ட், இரண்டு கிளாம்பு படகிலேயே இருக்கட்டும்.

இத்தனையும் பார்த்துக் குறை தெரியாமல், வாயுச் சோதனையில் திரவம் மஞ்சளானால் தயங்காமல் ஹெட்டை இறக்குங்கள். இறக்கினால் புது கேஸ்கட்டை மட்டும் போட்டு மூட விடாதீர்கள். ஹெட்டின் அடிப்பாகம் சமமாக இருக்கிறதா என்று நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்த்து, கையேட்டில் சொன்ன அளவுக்குள் இருக்கிறதா என்று உங்கள் கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள். வெடிப்பு இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் செய்யக் கொடுங்கள். பிளாக்கின் மேல்தளத்தையும், லைனர்கள் எவ்வளவு மேலே நிற்கின்றன என்பதையும் அளக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் போல்ட்டை முறுக்க அனுமதிக்காதீர்கள்; அந்த வரிசையும் அளவும் கையேட்டில் இருக்கிறது, கையேடு இல்லையென்றால் இன்ஜின் நம்பரைக் கொடுத்து டீலரிடம் வாங்கிக்கொள்ளலாம்.